நிழல் தெற்கே விழும் மாதங்கள்

ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது சென்னைப் புறநகரான மாடம்பாக்கத்தில் நண்பகல் நிழல் தெற்குப் பக்கம் விழுகிறது. ஆகஸ்ட் 18ஐ ஒட்டி ஒரு நாள் அது காணாமல் போகிறது. அதன்பிறகு வடக்கே திரும்பி, டிசம்பர் வரை நீண்டுகொண்டே போகிறது. ஒரு மீட்டர் உயரக் கம்பை நட்டு அளந்தால் ஜூன் கடைசியில் நிழல் ஏறக்குறைய 19 செ.மீ., அரையாண்டுத் தேர்வு நடக்கும் டிசம்பரில் 73 செ.மீ. இந்த ஊரிலேயே பிறந்து, பேரன் பேத்தி எடுத்தவர்களில்கூடப் பலர் இதைக் கவனித்ததில்லை. கவனிக்க ஒரு கம்பு வேண்டும். தினமும் ஒரே நேரத்தில் அதைப் பார்க்க ஆளும் வேண்டும். கம்பு எங்கும் கிடைக்கும். தினமும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில், கேட்டால் ஓடிவரத் தயாராக முப்பது பேர் கிடைப்பது தொடக்கப் பள்ளியில்தான்.

பள்ளிகளில் அறிவியல் என்றதும் கண்காட்சிதான் நினைவுக்கு வரும். தெர்மாகோல் எரிமலை, சமையல் சோடா, வினிகர், அழகான எழுத்தில் ஒரு சார்ட். எரிமலை பெரும்பாலும் அப்பாவோ அக்காவோ இரவு கண்விழித்துச் செய்தது. பிள்ளை மனப்பாடம் செய்த நான்கு வரியை விருந்தினர் முன்னால் ஒப்பித்துவிட்டு, அடுத்த விருந்தினருக்காகக் காத்திருக்கும். கண்காட்சி வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால், ஆண்டுக்கு ஒரு நாள் நடக்கும் விழாவைவிட, நாளுக்குப் பதினைந்து நிமிடம் நடக்கும் வழக்கம் ஏழெட்டு வயதுப் பிள்ளைக்கு அறிவியலை அதிகம் தருகிறது. தாம்பரத்துக்குக் கிழக்கே சேலையூர், மாடம்பாக்கம், அகரம்தென் பக்கத்து வகுப்பறைகளில் பார்த்துப் பழகியதை வைத்து இதைச் சொல்கிறேன்.

அந்த வழக்கம் ஒரு காலத்தில் தமிழ்நாட்டு வகுப்பறைச் சுவரிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. 2003இல் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார், ஆந்திராவின் ரிஷிவேலியில் பத்மநாப ராவும் ரமாவும் உருவாக்கியிருந்த முறையைப் பின்பற்றி, மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் செயல்வழிக் கற்றலைத் தொடங்கினார். 2007-08இல் அது மாநிலம் முழுவதும் 37,000க்கும் மேற்பட்ட தொடக்கப் பள்ளிகளுக்குப் போனது. பெஞ்சு போய்ப் பாய் வந்தது. பாடம் அட்டைகளாகப் பிரிந்தது. எந்தப் பிள்ளை கற்றல் ஏணியில் எந்தப் படியில் நிற்கிறது என்பது அதற்கே தெரிந்தது. கீழ்மட்டக் கரும்பலகை, தலைக்கு மேலே படைப்புகளைத் தொங்கவிடக் கம்பிப் பந்தல், பிள்ளைகளே குறிக்கும் சுய வருகைப் பதிவேடு, நகமும் தலைமுடியும் சுத்தமா என்று தாங்களே திருப்பிப் பார்த்துக்கொள்ளும் ஆரோக்கியச் சக்கரம். கூடவே ஓர் ஓரத்தில் காலநிலை அட்டவணை.

அட்டைகள் நல்லதா கெட்டதா என்று ஆசிரியர்கள் ஆண்டுக்கணக்கில் வாதிட்டார்கள். காலநிலை அட்டவணையைப் பற்றி யாரும் வாதிட்டதாக நினைவில்லை. என்னைக் கேட்டால், அந்த ஏற்பாட்டிலேயே உண்மையான அறிவியல் கருவி அதுதான். முதலில் செத்ததும் அதுதான். காரணம் எளிது. வெயில், மேகம், மழை என்று மூன்று படம். அம்புக்குறியை எதன்மேல் வைப்பது என்பதில் சண்டை போட ஒன்றுமில்லை. பத்து நாளில் பிள்ளைகளுக்குச் சலித்துவிடும். ஆசிரியருக்கு அதற்கு முன்பே. ஜூலையில் வைத்த வெயில் படம் நவம்பர் மழையிலும் அப்படியே இருக்கும்.

படத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஓர் எண்ணை வைத்தால் நிலைமை மாறுகிறது. எண் என்று வந்தால் யாராவது மறுப்பார்கள். “டீச்சர், அவன் ஸ்கேல சாச்சுப் புடிச்சான்” என்று ஒரு குரல் வருகிற வகுப்பில் அறிவியல் தொடங்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

எண்ணைத் தருவதில் மழைமானிக்கு ஈடில்லை. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் போதும். நடுவில் இடுப்பு வளையாமல் நேராக நிற்பதாகப் பார்த்து எடுக்க வேண்டும். கழுத்துக்குக் கீழே, பாட்டில் முழு அகலத்துக்கு வந்துவிட்ட இடத்தில் வெட்டி, வெட்டிய மேல்பாகத்தைக் கவிழ்த்துப் புனலாகச் செருகிவிட்டால் விழுந்த தண்ணீர் சீக்கிரம் ஆவியாகாது. அடிப்பாகம் மேடுபள்ளமாக இருக்கும் என்பதால் கூழாங்கல் போட்டு, கல் மூழ்கும் வரை தண்ணீர் ஊற்றி, அந்த மட்டத்தில் பூஜ்யம் வருகிற மாதிரி வெளியே பிளாஸ்டிக் ஸ்கேலை ஒட்ட வேண்டும். வெயில் நாட்களில் இந்தத் தண்ணீர் குறையும். பொறுப்பாளர் பிள்ளை அதைப் பூஜ்யக் கோடு வரை நிரப்பி வைக்க வேண்டும். இதை மறந்தால் முதல் தூறல் கணக்கில் வராது. மரத்தடியும் சன்ஷேடு ஓரமும் கூடாது. சுவரின் உயரத்தைப்போல இரண்டு மடங்காவது தள்ளி வைப்பது நல்லது. சுற்றி நான்கு செங்கல் வைத்தால் காற்றில் சாயாது. நாய் தள்ளாமல் இருக்கும் என்பதற்கு மட்டும் உத்தரவாதமில்லை.

இந்திய வானிலைத் துறை ஒரு நாள் மழையைக் காலை 8.30க்குக் கணக்கு முடிக்கிறது. முன்பெல்லாம் அந்த நேரத்துக்குப் பள்ளி வளாகத்தில் ஈ காக்கை இருக்காது. 2023 ஆகஸ்டில் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்த பிறகு, முதல் மணிக்கு முன்பே பிள்ளைகள் வந்து உப்புமாவோ பொங்கலோ சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஆக, வானிலைத் துறை அளக்கும் அதே நிமிடத்தில் ஒரு மூன்றாம் வகுப்புப் பிள்ளையும் அளக்க முடிகிறது. மறுநாள் பத்திரிகையில் மீனம்பாக்கத்துக்கும் தாம்பரத்துக்கும் என்ன எண் போட்டிருக்கிறது என்று ஒப்பிடலாம். ஒத்துப்போகாது. ஏன் ஒத்துப்போகவில்லை என்பதுதான் அன்றைய பாடம். சேலையூரில் கொட்டிய மழை மாடம்பாக்கத்தில் தூறலோடு நின்ற கதையை எல்லா வீட்டிலும் சொல்வார்கள்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. மழை வலுக்கிற நாளில் கலெக்டர் விடுமுறை விட்டுவிடுவார். அதாவது, எந்த நாளில் அளக்க வேண்டுமோ அந்த நாளில் பள்ளியே இல்லை. இரண்டு வழி இருக்கிறது. பள்ளிக்கு அடுத்த தெருவில் இருக்கும் பிள்ளைக்கு இன்னொரு பாட்டிலைக் கொடுத்து மாடியில் வைக்கச் சொல்லலாம். பெரியவர் துணையோடு மட்டும். அல்லது, பள்ளி திறந்ததும் சேர்ந்திருக்கும் மொத்தத்தைப் படித்து, “மூன்று நாள் மழை” என்று நேர்மையாக எழுதி, அந்தக் கட்டங்களை வெறுமையாக விடலாம். மூன்றால் வகுத்து நாளுக்கு இவ்வளவு என்று நிரப்பிவிடும் ஆசை ஆசிரியருக்கு வரும். அதற்கு இடம் கொடுக்கக் கூடாது.

பெரிய எண்களை உணர்த்த இந்த வட்டாரத்துக்கே சொந்தமான ஒன்று இருக்கிறது. 2015 டிசம்பர் 2ஆம் தேதி காலை முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் பெய்தது 49 செ.மீ. ஒன்றாம் வகுப்புப் பிள்ளையை நிற்க வைத்து அளந்தால் தொடை வரை வரும். நம் பாட்டில் இருபது செ.மீ. சுமாருக்கு நிரம்பி வழிந்துவிடும். ஐந்தாம் வகுப்புக்குக் கணக்காக மாற்றலாம்: ஒரு சதுர மீட்டர் தரையில் 1 மி.மீ. மழை என்றால் 1 லிட்டர், 49 செ.மீ. என்றால் 490 லிட்டர். இருபது லிட்டர் கேன் இருபத்துநான்கரை! தண்ணீர் கேன் விலையும் எடையும் தெரிந்த புறநகர்ப் பிள்ளைகளிடம் இந்த எண்ணைச் சொன்னால் வகுப்பே வாய்பிளக்கும். அந்த வெள்ளத்தில் முடிச்சூரில் ஏன் படகு விட்டார்கள் என்று அடுத்த கேள்வி தானாக வரும். ஏரி, கால்வாய், அடையாறு என்று பேச்சு போகும்.

நிழல் கம்புக்கு இவ்வளவு பராமரிப்பு இல்லை. பெயின்ட் டப்பாவில் சிமெண்ட் கலவை ஊற்றி நேராக ஒரு குச்சியை நிறுத்திவிட்டால் போதும். டப்பாவின் உயரத்தையும் சேர்த்துத் தரையிலிருந்து நுனி வரை ஒரு மீட்டர் இருக்க வேண்டும். தரையில் டப்பா வைக்கும் இடத்தை வட்டமாகப் பெயின்ட் அடித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு நாளும் ஓர் இடம். பகல் 12.10க்கு நிழலின் நுனியில் ஒரு புள்ளி, பக்கத்தில் தேதி. வாரத்துக்கு இரண்டு முறை குறித்தாலே போதும். சூரியன் உச்சிக்கு வரும் நேரம் இங்கே சரியாகப் பன்னிரண்டு மணி அல்ல. நவம்பர் தொடக்கத்தில் 11.53, பிப்ரவரி நடுவில் 12.24 என்று ஆண்டு முழுக்க ஊசலாடும். இதைத் தொடக்கப் பள்ளியில் விளக்க வேண்டியதில்லை. கேட்கிற பிள்ளை ஒன்று எப்போதாவது வரும். அதற்காக ஆசிரியர் தெரிந்து வைத்துக்கொண்டால் நல்லது.

ஜூலை முழுக்கத் தெற்கே விழுந்த நிழல் ஆகஸ்டில் பக்கம் மாறும்போது, கம்பை யாரோ திருப்பி வைத்துவிட்டார்கள் என்றுதான் பிள்ளைகள் முதலில் சொல்வார்கள். உடனே விடை சொல்லாமல் இருப்பது ஆசிரியருக்குச் சிரமமான வேலை. ஒரு வாரம் பொறுத்தால், சந்தேகப்பட்டவர்களே சாக்பீஸும் கையுமாகக் காவல் நிற்பார்கள்.

இனி வாசிப்பு. அறிவியலும் வாசிப்பும் நேர அட்டவணையில் இரண்டு பீரியட். வகுப்பறையில் அவை ஒன்றாக இருக்க வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். காலையில் அளந்ததை ஒரு பிள்ளை சொல்ல, ஆசிரியர் கரும்பலகையில் எழுதுகிறார். “நேத்து ராத்திரி மழ பேஞ்சுது. எங்க வூட்டாண்ட தண்ணி நின்னுச்சு.” சொன்ன மாதிரியே எழுத வேண்டும். கீழே, “நேற்று இரவு மழை பெய்தது. எங்கள் வீட்டருகே தண்ணீர் நின்றது.” இரண்டையும் எல்லோரும் வாசிக்கிறார்கள். முதல் வரியைப் பார்வையாளர் யாராவது வந்து அழிக்கச் சொல்லக்கூடும். அழித்தால் போவது என்ன என்பதை அவருக்கு நிதானமாக எடுத்துச் சொல்லலாம்: தன் வாயிலிருந்து வந்த பேச்சை எழுத்தாகப் பார்க்கிற பிள்ளைக்கு, எழுத்து என்பது என்ன என்று அப்போதுதான் பிடிபடுகிறது. நியூசிலாந்தில் மாவோரிப் பிள்ளைகளுக்குக் கற்பித்த சில்வியா ஆஷ்டன்-வார்னர், 1963இல் வெளியான தன் புத்தகத்தில் இதைத்தான் வாழ்நாள் அனுபவமாக எழுதினார். பிள்ளைக்கு முக்கியமான சொல்லே அதன் முதல் சொல்லாக இருக்க வேண்டும் என்பது அவர் கட்சி.

தமிழில் இதற்குக் கூடுதல் காரணமும் உண்டு. ‘கொ’ என்ற எழுத்தில் கொம்பு இடப்பக்கம், கால் வலப்பக்கம், ஓசையோ ‘க’வில் தொடங்குகிறது. கண் போகும் வழியில் நாக்கு போக முடிவதில்லை. ‘காகம்’ என்ற சின்னச் சொல்லிலேயே முதல் ககரத்துக்கு ஓர் ஓசை, நடுவில் வேறு ஓசை. எழுத்தெழுத்தாகக் கூட்டிப் படிக்கிற பிள்ளை சரியாகவே படித்தும் சொல்லைக் கண்டுபிடிக்க முடியாமல் தவிப்பது இதனால்தான். அது என்ன சொல்லாக இருக்கும் என்று முன்பே ஓரளவு தெரிந்திருந்தால் தாண்டிவிடும். காலையில் தானே பார்த்த மழையைப் பற்றிய வரி என்றால், பாதி வேலையை நினைவு செய்துவிடுகிறது.

2022 ஜூனில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று அவரவர் நிலைப்படி பார்க்கிறது. கொரோனா கால இடைவெளியை நிரப்ப வந்தது அது. அந்த மூன்று நிலைக்கும் ஒரே மழை வரி உதவும். அரும்பு நிலைப் பிள்ளை அதில் ‘மழை’ என்ற சொல்லைக் கண்டுபிடித்து வட்டமிடும். மொட்டு முழு வரியை வாசிக்கும். மலர் அடுத்த வரியை எழுதும். கட்டட வேலைக்கு வந்த குடும்பங்களின் பிள்ளைகள், வீட்டில் இந்தியும் ஒடியாவும் பேசுகிறவர்கள், இந்தப் பக்கத்துப் பள்ளிகளில் இப்போது நிறைய. தமிழில் முழு வாக்கியம் சொல்லக் கூச்சப்படும் அந்தப் பிள்ளை, “பன்னெண்டு மில்லிமீட்டர்” என்று சொல்வதற்குக் கூச்சப்படாது. வகுப்பின் முன்னால் அது தமிழில் பேசும் முதல் பேச்சு பல சமயம் ஓர் எண்ணாகத்தான் இருக்கிறது.

இந்த வரிகளை வாரக் கடைசியில் நான்கு ஏ4 தாளில் எழுதி, படம் வரைந்து, மடித்துத் தைத்தால் பதினாறு பக்கத்தில் ஒரு புத்தகம். பள்ளியில் அதிகம் கை மாறும் புத்தகங்கள் இவையே என்று தைரியமாகச் சொல்லலாம். யார் பெயர் எந்தப் பக்கத்தில் வந்திருக்கிறது என்று பார்க்கவாவது எடுப்பார்கள். பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கப் புத்தகங்கள் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படியில் மெலிதாக வந்திருக்கின்றன. தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 1987லிருந்து நடத்தும் ‘துளிர்’ இதழை ஆசிரியர் வாசித்துக் காட்டலாம். எல்லாவற்றையும் பீரோவில் பூட்டாமல், பழைய கம்பிப் பந்தல் மிச்சமிருந்தால் பிள்ளைகளின் கை எட்டும் அளவுக்குக் கொடியாக இறக்கிக் கட்டி, அட்டைப்படம் தெரியத் தொங்கவிடுவது நல்லது. புத்தகம் கிழியும். கிழிந்த புத்தகம் படிக்கப்பட்ட புத்தகம் என்று தணிக்கைக்கு வருகிறவர் ஒப்புக்கொள்வாரா என்பது வேறு விஷயம்.

சத்தமாக வாசித்துக் காட்டுவதை மதியச் சாப்பாடு முடிந்த கையோடு வைக்கலாம். கண் செருகும் நேரம் அது. கணக்கு ஏறாது, கதை ஏறும். பிள்ளைகள் தாமாக வாசிப்பதைக் காலையில், மழை வரி எழுதி முடித்தவுடன் வைத்தால் வகுப்பு அடங்கும். இடத்தை மாற்றிப் பார்த்தவர்களுக்கு வித்தியாசம் தெரியும்.

ஈராசிரியர் பள்ளியில் இதெல்லாம் நடக்குமா என்று கேட்பார்கள். அங்கேதான் நன்றாக நடக்கிறது. ஐந்து வகுப்பை இரண்டு பேர் பார்க்கும் இடத்தில், பிள்ளைகளைப் பிள்ளைகளே பார்த்துக்கொள்ளும் பழக்கம் ஏற்கெனவே இருக்கும். ஐந்தாம் வகுப்பு அளக்கும், மூன்றாம் வகுப்பு எழுதும், ஒன்றாம் வகுப்பு வரையும். பொறுப்பை வாரம் ஒரு முறை மாற்றினால் போதும். தினம் மாற்றினால் யாருக்கும் கை பழகாது. நன்றாகப் படிக்கும் பிள்ளையிடமே எப்போதும் ஸ்கேலைக் கொடுக்கும் வழக்கத்தை மட்டும் விட்டுவிட வேண்டும். இருவர் அளந்து இரு விடை வந்தால், இரண்டையும் நோட்டில் எழுதி இருவர் பெயரையும் போடலாம்.

வழக்கம் கைகூடிய பிறகு வெளியே போகலாம். 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன் இந்தியாவை அளக்கத் தொடங்கியபோது, பரங்கிமலையிலிருந்து பெரும்பாக்கம் குன்று வரை ஏழரை மைல் நீளத்துக்கு நூறடி எஃகுச் சங்கிலியைத் திரும்பத் திரும்ப வைத்துத்தான் முதல் கோட்டை அளந்தார். பெரும்பாக்கம் நமக்குப் பக்கத்து ஊர். நாலாம் வகுப்பு தன் மைதானத்தைக் கயிற்றால் அளக்கிற நாளில் இதைச் சொன்னால், கயிறு தொய்ந்தால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு மதிப்பு கூடும். பல்லாவரத்தில் 1863 மே 30 அன்று ராபர்ட் புரூஸ் ஃபூட் கண்டெடுத்தது கைக்கு அடக்கமான ஒரு கல். இந்தியாவின் பழைய கற்காலத்துக்கு முதல் சாட்சி அது. அதே குன்றுகளின் பாறைக்குத்தான் 1893இல் தாமஸ் ஹாலண்ட் சார்னோகைட் என்று பெயர் வைத்தார். கல்கத்தாவில் உள்ள ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லும் அந்த ரகம் என்பதால். ரோட்டோர ஜல்லிக் குவியலிலிருந்து ஆளுக்கொரு கல் கொண்டுவரச் சொல்லி, நிறம், எடை, ஆணியால் கீறினால் கோடு விழுகிறதா என்று பிரிக்கலாம். மாடம்பாக்கம் தேனுபுரீஸ்வரர் கோயிலின் தூங்கானை மாட விமானத்தைப் பின்பக்கம் நின்று வரையச் சொன்னால், யானையின் முதுகு எப்படி வளைகிறது என்று அரை மணி நேரம் சத்தமே இருக்காது. ஏரிக்குப் போனால் கரையோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். பெரியவர்கள் இரண்டு பேருக்குக் குறையாமல், முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர். முக்குளிப்பானும் நீர்க்காகமும் எவ்வளவு நேரம் முங்கியிருக்கின்றன என்று பிள்ளைகள் வாய்விட்டு எண்ணுவார்கள். திரும்பி வந்ததும் அதே நோட்டில் எழுதுவார்கள்.

அந்த நோட்டு பற்றி ஒரு வார்த்தை. நீளமான நானூறு பக்க நோட்டாக வாங்குவது நல்லது. ஒரு வருடத்தில் தீராது. ஏப்ரலில் பழைய பேப்பரோடு போய்விடாமல், அட்டையில் ‘அடுத்த வகுப்புக்கு’ என்று எழுதிப் புதிய ஆசிரியர் கையில் கொடுத்துவிட வேண்டும். ஜூனில் வரும் பிள்ளைகளுக்குச் செய்ய வேலை தயாராக இருக்கும்: போன வருடம் இதே வாரத்தில் நிழல் எவ்வளவு, முதல் மழை எந்தத் தேதியில், யார் அளந்தது. “அவங்க தப்பா அளந்திருக்காங்க டீச்சர்” என்பதுதான் வழக்கமான முதல் தீர்ப்பு. அப்போது ஸ்கேலை எடுத்து அவர்கள் கையில் கொடுத்து வெளியே அனுப்பலாம், மணி 12.10 ஆகியிருந்தால்.